ஆற்றைத் தோண்டுவதா, மதகை அகட்டுவதா?

ஆடி மாதத்து வெயிலில் வெள்ளத்தைப் பற்றிப் பேச எங்கள் வாசிகசாலைக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். பொதுக்கூட்டம் என்று அறிவித்தால் பத்துப் பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. ஆனால் போன கார்த்திகையில் தண்ணீர் நின்ற மட்டம் பலருடைய வீட்டுச் சுவரில் இன்னும் மங்கல் கோடாகத் தெரிகிறது. சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை.

வழுக்கையாற்றைத் துப்புரவாக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எப்படி என்று வந்தபோதுதான் கூட்டம் மூன்றாகப் பிரிந்தது. பெரும்பாலானவர்களுக்கு, மண் அள்ளும் பெக்கோ இயந்திரத்தை இறக்கி அடியோடு தோண்ட வேண்டும். இன்னும் கொஞ்சப் பேர், வருடா வருடம் மாரிக்கு முன்னர் புல்லையும் குப்பையையும் எடுத்தாலே போதும் என்றார்கள். மூலையில் இருந்த நாலைந்து பேர், ஆற்றில் பிழையில்லை, வீதிக்குக் கீழே உள்ள மதகுகளும் மேலே தூர்ந்துபோன குளங்களும்தான் பிழை என்றார்கள். முடிவு வரவில்லை. தேநீர் முடிந்தது. மூன்றையும் ஒப்பிட்டு எழுதித் தரச் சொல்லி என்னிடம் பொறுப்பைத் தந்தார்கள்.

கூட்டத்துக்குப் போகும்போது நானும் பெக்கோ கட்சிதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் ஆற்றைப் பற்றி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று பெயர் சொல்ல இருப்பது இந்த ஒன்றுதான். அதுவும் மாரியில் மட்டும் ஓடும். தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கம் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக வயல்களையும் குளங்களையும் தொட்டுக்கொண்டு இறங்கி, அராலிப் பக்கம் கடலேரியில் சேர்கிறது. நீளம் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். குடாநாட்டின் மிக உயர்ந்த நிலமே கடல் மட்டத்திலிருந்து பத்துப் பதினைந்து மீற்றர்தான். ஆகவே கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர்கூடச் சரிவு கிடையாது. கீழ்ப்பகுதியில், அதாவது எங்கள் பக்கத்தில், அதுவும் இல்லை. மலைநாட்டு ஆறுபோலத் தண்ணீர் தள்ளிக்கொண்டு வராது. ஊர்ந்து வரும். ஊர்ந்து வரும் தண்ணீருக்கு ஒரு சம்புப் புதரும் நாலு பிளாஸ்ரிக் போத்தலும் போதும், நின்றுவிடும்.

கூட்டம் முடிந்த மறுநாள் காலை பக்கத்து வீட்டுப் பெடியனைக் கூட்டிக்கொண்டு அளவு நாடாவுடன் போனேன். ஆறு காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஆட்டுப் புழுக்கையும், கிழிந்த யூரியாப் பையும், யாரோ கழித்துவிட்ட மெத்தை ஒன்றும். எங்கள் வளைவில் ஆற்றின் அகலம் 22 அடி, கரையிலிருந்து ஆழம் 4 அடி. பெருக்கினால் 88 சதுர அடி. அங்கிருந்து இருநூறு யார் தூரம் கீழே போனால் வீதி குறுக்கறுக்கிறது. அதன்கீழ் மூன்றடி விட்டமுள்ள கொங்கிறீற் குழாய்கள் இரண்டு. ஒரு குழாயின் வாய் ஏழு சதுர அடி. இரண்டும் சேர்ந்து பதினாலு. அதில் ஒன்று பாதிவரை மண். பெடியன் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணை, உள்ளுக்கை ஆரோ வீடு கட்டியிருக்கினம்" என்றான். சம்பு வேர், கல், தென்னம் மட்டை எல்லாம் இறுகிச் சுவராகிக் கிடந்தது.

ஆக, 88 சதுர அடி ஆறு 11 சதுர அடி ஓட்டைக்குள் நுழைய வேண்டும். எட்டில் ஒரு பங்கு. ஆற்றை இன்னும் நாலடி தோண்டினால் 88 என்பது 176 ஆகும். குழாயின் வாய் அப்படியேதான் இருக்கும். பெக்கோ கட்சியிலிருந்து நான் விலகியது அந்த இடத்தில்தான்.

இருந்தாலும் பெக்கோவை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆட்கள் அதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நாளில் அது செய்யும் வேலையை நாங்கள் ஒரு மாதம் மண்வெட்டி பிடித்தாலும் செய்ய மாட்டோம். செய்தது கண்ணுக்கும் தெரியும். சில இடங்களில் அது இல்லாமல் முடியவும் முடியாது: கரையில் மரம் விழுந்து வேரோடு கிடக்கும் இடம், யாரோ கட்டட இடிபாட்டைக் கொண்டுவந்து கொட்டி ஆற்றைப் பாதியாக்கிய இடம். அந்த இரண்டும் எங்கள் பகுதியில் ஒரே துண்டில் வருகின்றன. நூறு மீற்றருக்குள்தான்.

முழு நீளத்தையும் அடியோடு தோண்டுவது வேறு கதை. சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் பகுதியில் அப்படி ஒரு வேலை நடந்தது. யார் செய்தார்கள் என்பது இங்கே தேவையில்லை. பணம் வருடக் கடைசியில் வந்தது. ஆகவே இயந்திரமும் முதல் மழைக்குப் பிறகுதான் வந்தது. அள்ளிய சேற்றை ஏற்றிக்கொண்டு போக வாகனச் செலவு கணக்கில் இல்லையாம், இரண்டு கரையிலும் குவித்துவிட்டுப் போனார்கள். பார்க்க அணைக்கட்டு மாதிரி அழகாக இருந்தது. அடுத்த மழைக்கு எங்கள் ஒழுங்கைத் தண்ணீர் ஆற்றுக்குள் இறங்க வழியில்லை. அந்தச் சேற்று வரம்பு மறித்துவிட்டது. ஆறு பாதி வெறுமையாக ஓடுகிறது, நாங்கள் கரைக்கு இந்தப் பக்கம் முழங்கால் தண்ணீரில் நிற்கிறோம். இரவில் மண்வெட்டியோடு போய் வரம்பை வெட்டிவிட்டவர்களில் நானும் ஒருவன். தை மாதத்துக்குள் புல் வேர் பிடிக்காத அந்தச் சேறு பாதிக்குப் பாதி சரிந்து மறுபடி ஆற்றுக்குள் விழுந்துவிட்டது. இயந்திரம் ஆழமாகக் கிண்டிய இடங்களில் தண்ணீர் குட்டையாகத் தேங்கி நுளம்பு பெருகியது. யாழ்ப்பாணத்தில் டெங்கு உச்சத்துக்கு வருவதும் அந்த மார்கழி, தை மாதங்களில்தான்.

இதைவிடப் பெரிய விஷயம் கிணறு. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். ஓடும் ஆறு வேறில்லை, மலையில்லை. பங்குனி, சித்திரையில் நாங்கள் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணுக்குள் இறங்கி நின்ற தண்ணீரைத்தான். அந்த நன்னீர், அடியில் உள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. மேலே குறைந்தால் கீழே உள்ளது ஏறும். ஒரு பரப்புக் காணியில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது 25,000 லீற்றர், ஐயாயிரம் லீற்றர் தண்ணீர்ப் பவுசரில் ஐந்து. பதினாறு பரப்பு ஒரு ஏக்கர் என்றால் எண்பது பவுசர். இதை எவ்வளவு வேகமாகக் கடலுக்கு அனுப்பலாம் என்றுதான் நாங்கள் கூட்டம் போடுகிறோம். வீட்டுக்குள் வந்த தண்ணீரை அனுப்பத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை. வயலிலும் குளத்திலும் நிற்க வேண்டிய தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும் அளவுக்கு ஆற்றை ஆழமாக்கினால், சித்திரையில் கிணற்றடியில் நின்று யோசிக்க வேண்டி வரும்.

கீழ்ப்பகுதியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அராலியில் உவர்நீர் உள்ளே ஏறாமல் தடுப்பதற்குத்தான் கதவு வைத்த தடுப்பணை இருக்கிறது. அதற்கு மேலே ஆற்றின் அடியைக் கடலேரி மட்டத்துக்குக் கீழே கொண்டுபோனால், கதவு கொஞ்சம் கசிந்தாலே உப்பு மேலே ஏறும். வயல்காரர் சும்மா இருக்க மாட்டார்கள். இருக்கவும் கூடாது.

சரி, இரண்டாவது வழி. ஆவணியிலும் புரட்டாசியிலும், ஆறு காய்ந்திருக்கும்போது, சம்பையும் ஆகாயத்தாமரையையும் குப்பையையும் எடுப்பது. அடி மண்ணைத் தொடுவதில்லை. மதகு வாய்களை மட்டும் குழாயின் அடிமட்டம் தெரியும்வரை வெட்டி எடுப்பது. இதன் செலவு சிரமதானத்துக்கு வருபவர்களின் மதியச் சாப்பாடு, கையுறை, குப்பை ஏற்ற இரண்டு நாள் ரக்டர், அவ்வளவுதான். சேற்றில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசை வேண்டுமா என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். 2024 டிசம்பரில் அந்தக் காய்ச்சல் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் கொண்டுபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். வெறுங்காலோடு இறங்கி வீரம் காட்ட வேண்டாம்.

வேலையைத் தொடங்கும் இடம் முக்கியம். எல்லோரும் தங்கள் வீட்டு வாசலில் இருந்துதான் தொடங்குவார்கள். அது பிழை. கீழிருந்து மேலே வர வேண்டும். மேலே துப்புரவாக்கிக் கீழே விட்டுவைத்தால், எங்கள் தண்ணீர் வேகமாகப் போய்க் கீழ் ஊரவரின் வாசலில் நிற்கும். போன வருடம் இப்படி ஒரு சண்டை வந்தது, மறுபடி வேண்டாம். ஆகவே கீழே உள்ள இரண்டு கிராமங்களின் சனசமூக நிலையங்களோடும் வயல்காரரின் கமக்கார அமைப்போடும் பேசி, ஒரே வாரத்தில் செய்ய வேண்டும். அப்படிப் பேசும்போதே தடுப்பணைக் கதவு பற்றியும் பேசிவிடலாம். கதவை முந்தித் திறந்தால் காலபோக நெல்லுக்கு, அதாவது மாரிப் பயிருக்கு, தண்ணீர் போதாது. பிந்தித் திறந்தால் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர். மழை கொட்டும் இரவில் ஆளுக்காள் தொலைபேசி எடுத்துக் கத்துவதைவிட, ஆற்றில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தால் திறப்பது என்பதைப் புரட்டாசியிலேயே பேசி முடித்துவிடுவது மேல்.

இந்த வழியின் பலவீனம் எங்களுக்கே தெரியும். முதல் வருடம் அறுபது பேர் வருவார்கள், படம் எடுப்பார்கள். இரண்டாம் வருடம் முப்பது. மழை குறைந்த வருடம் ஒன்று நடுவில் வந்தால், அடுத்த வருடம் ஐந்து பேரும் ஒரு நாயும். சம்பு அப்படிச் சோர்ந்துபோவதில்லை, வேர் இருந்தால் அடுத்த மழைக்கு ஆளுயரம். அப்புறம், எடுத்த குப்பையை என்ன செய்வது? ஆகாயத்தாமரையைக் கரையிலேயே காயவிட்டுத் தோட்டத்துக்குக் கூட்டெருவாக்கலாம். போத்தல், சொப்பிங் பை, குழந்தைகளின் பம்பர்ஸ் எல்லாவற்றையும் அள்ளிப் போக பிரதேச சபை வாகனம் அன்றைக்கே வர வேண்டும். நாளைக்கு என்றால் அது திரும்ப ஆற்றுக்குள்தான்.

மூன்றாவது வழியைச் சொன்ன நாலைந்து பேரைக் கூட்டத்தில் யாரும் சரியாகக் கேட்கவில்லை. மதகை அகட்டுவது, குளத்தைத் தூர்வாருவது. சொல்ல ஒரு வரி, செய்ய இரண்டு மூன்று வருடம். வீதி ஒருவருடையது, ஆறு இன்னொருவருடையது, குளம் மூன்றாமவருடையது: வீதி அபிவிருத்தி அதிகார சபை, பிரதேச சபை, நீர்ப்பாசனத் திணைக்களம், கமநல அபிவிருத்தித் திணைக்களம் என்று கடிதம் சுற்றும். அதனாலேயே ஒருவரும் இதை விரும்புவதில்லை. நாடா பிடித்துப் பார்த்த பிறகு எனக்கு, தண்ணீர் உண்மையில் எங்கே மறிபடுகிறதோ அந்த இடத்தைத் தொடுகிற வழி இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. இரண்டு குழாயை எடுத்துவிட்டுப் பத்தடி அகலப் பெட்டி மதகு ஒன்றை நாலடி உயரத்தில் போட்டால் 40 சதுர அடி வாய் கிடைக்கும். இப்போதுள்ளதைப்போல ஏறத்தாழ நாலு மடங்கு. இதிலும் கீழிருந்து மேல் என்ற வரிசையை மீறக்கூடாது. எங்களுக்குக் கீழே இன்னொரு மதகு இருக்கிறது. அதையும் போய் அளந்தேன், அதுவும் குழாய்தான்.

குளங்களின் கதை இன்னும் பழையது. மழை பெய்த இடத்திலேயே தண்ணீரை மறித்து, ஒன்று நிரம்பினால் அடுத்ததுக்கு வழிய விட்டு, மிஞ்சியதை மட்டும் கடலுக்கு விட்டவர்கள் எங்கள் முன்னோர். கோடையில் குளத்து மண்ணை வண்டியில் ஏற்றிப் புகையிலைத் தோட்டத்துக்கும் வெங்காயத் தோட்டத்துக்கும் போட்டார்கள். குளம் தூர்வாரியதும் ஆயிற்று, எரு போட்டதும் ஆயிற்று. பை உரம் வந்தபின் வண்டி நின்றது, குளம் தூர்ந்து வெறும் தரவையாகியது, தரவையில் மதில் எழும்பியது. 1950களில் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டமும் இதே எண்ணத்தில் எழுந்ததுதான்: மழைநீரைக் கடலுக்கு விடாமல் கடலேரிகளையே நன்னீராக்குவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உள்ள தடுப்பணைகள் அந்தச் சிந்தனையின் மிச்சம். அவ்வளவு பெரிய கனவு எங்களுக்கு வேண்டாம். ஆற்றோடு தொடுத்திருக்கும் மேல்பக்கக் குளம் ஒன்று இரண்டடி ஆழம் கூடினால், ஒவ்வொரு ஏக்கருக்கும் ஏறத்தாழ 24 இலட்சம் லீற்றர் அங்கேயே நிற்கும். அது எங்கள் ஒழுங்கைக்கு வராது, கிணற்றுக்குப் போகும். நகரில் ஆரியகுளத்தைச் சுற்றி நடைபாதை போட்டிருக்கிறார்கள், மாலையில் போயிருக்க நல்ல இடம். எங்கள் குளத்துக்கு நடைபாதையும் விளக்கும் வேண்டாம். தண்ணீர் உள்ளே வரும் வாய்க்காலும் மிஞ்சியது வெளியே வழியும் வானும் திறந்திருந்தால் போதும்.

கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத நாலாவது வழி ஒன்று உண்டு. எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். வளவுக்குப் பத்து லோட் கிரவல் பறித்து உயர்த்துவது, கிடுகு வேலியை எடுத்துவிட்டு அடியிலிருந்து மதில் கட்டுவது. வேலிக்குள்ளால் தண்ணீர் போகும், மதிலுக்குள்ளால் போகாது. ஒருவர் உயர்த்தினால் பக்கத்து வீட்டுக்காரரும் உயர்த்த வேண்டும். கடைசியில் உயர்த்தக் காசில்லாதவரின் வீடு குளமாகிறது. எங்கள் ஒழுங்கைக் கோடியில் தனியே இருக்கும் ஆச்சியின் வீட்டுக்கு அதுதான் நடந்தது. கூட்டத்துக்கு அவர் வரவில்லை. மதில் கட்டுகிறவர்கள் அடியில் நாலு இடத்தில் தண்ணீர் போக ஓட்டை விட்டாலே பெரிய உதவி. நானும் போன வருடம் மதில் கட்டினேன். ஓட்டை விடவில்லை. இந்த வாரம் மேசனை வரச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2008 நவம்பரில் நிஷா புயலும், 2020 டிசம்பரில் புரெவியும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கலும் கொண்டுவந்த மாதிரி மழை வந்தால் மூன்று வழியில் எதுவும் எங்களைத் தண்ணீரில்லாமல் வைத்திருக்காது. அந்த மழைக்குக் கடலேரியும் நிரம்பியிருக்கும். காற்று வேறு தண்ணீரைக் கரைக்குத் தள்ளும். கதவைத் திறந்தாலும் போக இடமில்லை. அந்த நாட்களுக்கு, பள்ளத்தில் உள்ள பன்னிரண்டு வீட்டுக்காரரும் எந்தப் பாடசாலைக்குப் போவது, ஆச்சியை யார் தூக்குவது, கிணற்றுக் கட்டு எவ்வளவு உயர வேண்டும், வெள்ளம் வடிந்தபின் குளோரின் யார் போடுவது என்பவை தனியாகப் பேச வேண்டியவை. ஆறு துப்புரவானால், வழமையான மாரி மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வராது. பெருமழைக்கு, நாலு நாள் நிற்கிற தண்ணீர் ஒன்றரை நாளில் வடியலாம். நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான், அதுவே எனக்குப் போதும்.

ஆகவே கையெழுத்து வைக்கப்போகும் கடிதத்தில் நான் எழுதியிருப்பது இப்படி. இந்த ஆவணியில் கீழ்க் கிராமங்களோடு சேர்ந்து இரண்டாவது வழி, மதகு வாய் இரண்டும் முதலில். பெக்கோ அந்த நூறு மீற்றருக்கு மட்டும். அள்ளும் மண் அன்றைக்கே ஏற்றப்பட வேண்டும், கரையில் ஒரு கூடைகூட நிற்கக் கூடாது. ஒழுங்கை வாய்க்கால்கள் இறங்கும் இடங்களுக்கு முன்கூட்டியே தடி நாட்டி அடையாளம் வைக்க வேண்டும். ஆற்றின் அடி மட்டம் மதகுக் குழாயின் அடி மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. புரட்டாசி 15க்குள் இயந்திரம் வராவிட்டால் இந்த வருடம் அது வேண்டாம், பணத்தை அடுத்த வருடத்துக்கு வைக்கச் சொல்லிக் கேட்போம். அதே கடிதத்தில், கீழ் மதகு முதலும் எங்கள் மதகு இரண்டாவதுமாகப் பெட்டி மதகு கேட்டு, அளவுகளோடு தனிப் பக்கம். குளத்துக்கு இன்னொரு பக்கம்.

வரைவை முதலில் பெரியப்பாவிடம் காட்டினேன். பெக்கோ கட்சியின் தலைவர் அவர்தான். கண்ணாடியை ஏற்றி இரண்டு தரம் வாசித்தார்.

"தம்பி, நீ கணக்குப் பாத்திருக்கிறாய். நான் முழங்கால் தண்ணியிலை நிண்டு பாத்தனான்."

"நானும் நிண்டனான் பெரியப்பா. கரைக்கு இஞ்சாலைப் பக்கம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குழாய்க்குள் எவ்வளவு மண் என்று கேட்டார். பாதி என்றேன். நம்பவில்லை. பின்னேரம் வெயில் தணிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு தானே போய்விட்டார். வரும்போது வேட்டி முழுக்கச் சேறு, கையில் குழாய்க்குள் இருந்து இழுத்த தென்னம் மட்டை ஒன்று. கையெழுத்து இன்னும் வைக்கவில்லை. மதகுச் சுவரில் சிவப்புப் பெயின்ற் கோடு அடித்து, வரும் மாரியில் தண்ணீர் ஒவ்வொரு நாளும் எவ்வளவு ஏறுகிறது என்று தான் எழுதி வைக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். பெயின்ற் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.